மடியில் வைக்கக் கூடாதது

நடக்கவே முடியாத ஒருத்திக்குத் துப்பாக்கி எதற்கு?

எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் ஒருவர் இப்படிக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே நின்றிருந்த யாருக்கும் தெரியவில்லை. கேட்டவரும் பதில் வேண்டிக் கேட்கவில்லை, நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் கேட்டார். பதில் தெரிந்த ஒரே ஆள் பல்லக்கா. அவளிடம் போய் யாரும் கேட்கவில்லை.

பல்லக்கா என்பது வேலையால் வந்த பெயர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப அனுப்ப, பல் செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் அவள் வேலை பார்க்கிறாள். பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகில் ஈறு வடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஓரங்களைச் சின்னக் கத்தியால் சீவ வேண்டும். சீவும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவரின் ஈறு புண்ணாகிவிடும். ஊரில் பாதிப் பேர் தான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்பது அவள் அடிக்கடி சொல்லும் ஜோக்.

இருபத்திரண்டு வயதில் ஒரு பேருந்து விபத்து. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. இருப்பது அக்கா வீட்டில். அக்காவின் கணவரை அவள் அத்தான் என்று கூப்பிடுவாள். சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மடிதான் மூன்றாவது கை. இரண்டு கையும் சக்கரத்தைத் தள்ளப் போய்விடுவதால், எதை எடுத்தாலும் மடியில் போட்டுக்கொண்டுதான் நகர முடியும். செல்போன், சாவி, சாப்பாட்டு டப்பா, மெழுகுக் கத்தி, சில நாள் யாருடைய மேல்வரிசைப் பல்லோ கூட. இதை அவள் யோசித்துச் செய்வதில்லை. மூச்சு விடுவது போலத் தானாக நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாற்காலியின் பின்பக்கக் கைப்பிடி ஊருக்கே பொதுச் சொத்து. வழியில் போகிறவர்கள் கேட்காமல் கொள்ளாமல் பிடித்துத் தள்ளுவார்கள். ஒருமுறை ஒரு புண்ணியவான் அவளைச் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார். அவளுக்குச் சாலையைக் கடக்க வேண்டிய வேலையே இல்லை, அத்தானின் வேனுக்காக நின்றிருந்தாள். வீட்டில் அக்காக்காரி கேட்கவே வேண்டாம். ஜன்னல் ஓரம் வெயிலில் இருந்தால் நிழலுக்குத் தள்ளுவாள், நிழலில் இருந்தால் காற்றுக்குத் தள்ளுவாள். எல்லாம் பாசம்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷியை நகர்த்துவது?

துப்பாக்கி சுடும் கூடத்துக்கு அவள் போனது தற்செயலாக. இலக்கு மாட்டும் மரச்சட்டங்களை ஏற்றி இறக்க அத்தானின் வேனை அங்கே வாடகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து அதே வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பல்லக்கா, சட்டம் இறக்கி முடிக்கும்வரை உள்ளே காத்திருந்தாள். அங்கே பயிற்சி தருவது அவளைவிடச் சின்னவளான ஒரு பெண். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவளுக்கு விசில் என்றே பெயர். சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சுட்டுப் பாருங்களேன் என்றாள் விசில். சொல்லிவிட்டு விதிகளை ஒப்பித்தாள். துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும். சுடப் போகும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாள்.

“துப்பாக்கி உங்க கையில இருக்கிற வரைக்கும் யாரும் உங்களைத் தொடக் கூடாது அக்கா. உங்க நாற்காலியையும்தான்.”

பல்லக்கா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். விசில் திரும்பச் சொன்னாள்.

அன்று சுட்ட குண்டுகளில் பாதி இலக்கிலேயே படவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் தானாகவே வந்து நின்றாள். மூச்சை நிறுத்தி மெழுகு சீவிய கைக்கு விசையை மெல்ல அழுத்துவது சீக்கிரம் பிடிபட்டது. சில மாதங்களில் விசிலே வாயைப் பிளந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி ஒன்று வரப்போகிறது, கலந்துகொள்ளலாம், ஆனால் அதற்கு உரிமம் வேண்டும் என்றாள். உரிமம் இல்லாதவர் விசில் பக்கத்தில் நின்றால்தான் சுடலாம். உரிமம் கிடைக்க, அதிகாரி முன்னால் பாதுகாப்பாகக் கையாண்டு காட்டிச் சுட வேண்டும். இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் ஐந்து வருடத்துக்குக் கூடத்தின் பக்கமே வர முடியாது.

விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில் எழுத்தர் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே அத்தானைப் பார்த்து, இவங்களுக்குக் கை நல்லா வேலை செய்யுமா என்று கேட்டார். அத்தான் சும்மா இருப்பாரா? “நீங்க போட்டிருக்கிற பல் செட்டே இவ செஞ்சதா இருக்கலாம் சார். நல்லா மெல்ல முடியுதான்னு நீங்களே சொல்லுங்க” என்றார். எழுத்தர் வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தினார்.

முதல் தேர்வு. அதிகாரி நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். பல்லக்கா நன்றாகவே சுட்டாள். குண்டை எல்லாம் வெளியே எடுத்தாள். காலி என்று உரக்கச் சொன்னாள். அடுத்து, சுடும் கோட்டிலிருந்து பின்னால் நகரச் சொன்னார் அதிகாரி. துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். அவளுக்கு அது மனப்பாடம். ஆனால் நகரச் சொன்னதும் இரண்டு கையும் சக்கரத்துக்குப் போயின. கையில் இருந்தது மடிக்குப் போனது. பதினாறு வருடப் பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. மடியில் படுத்திருந்த துப்பாக்கியின் வாய் பக்கவாட்டில் நின்ற அதிகாரியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“காலிதான் சார்,” என்றாள் பல்லக்கா.

“காலின்னு உங்களுக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியாதே.”

அவ்வளவுதான். முதல் வாய்ப்பு போயிற்று.

வீட்டில் அக்காக்காரிக்கு உள்ளூர நிம்மதி. துப்பாக்கி எப்போதும் கூடத்தின் இரும்பு அலமாரியில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் ஏற்கவில்லை. தங்கச்சி கையில் அப்படி ஒரு சாமான் இருப்பதை நினைத்தாலே கை கால் உதறுகிறது என்பாள்.

ஆனால் பல்லக்கா மறுநாள் லேபில் வேறு ஒரு வேலை செய்தாள். கழித்துப்போட்ட பிளாஸ்டர் பற்களைப் பொறுக்கி, ஒரு பலகையில் கூர் மேலே பார்க்கும்படி வரிசை வரிசையாக ஒட்டி, அந்தப் பலகையை மடியில் கட்டிக்கொண்டாள். மடியில் எதை வைத்தாலும் நிற்காமல் சரிந்து விழ வேண்டும், அதுதான் திட்டம். முதல் நாளே செல்போன் கண்ணாடி உடைந்தது. சாப்பாட்டு டப்பா தரையில் உருண்டது. பக்கத்து மேஜைக்காரர், ஏம்மா உன் மடி எல்லாரையும் கடிக்குதே, தடுப்பூசி போட்டியா என்று கேட்டார். போகப் போக நாற்காலியின் பக்கத்தில் ஒரு பை தொங்கியது, சாமான் எல்லாம் அதற்குள் போயிற்று. கூடத்தில் விசில் வேண்டுமென்றே நூறு தடவை நகரு நகரு என்று கத்தினாள். நூறு தடவையும் துப்பாக்கி முதலில் மேஜைக்குப் போனது.

வீட்டில்தான் தகராறு. காய் நறுக்க எப்போதும் போல அக்காக்காரி தட்டை அவள் மடியில் வைக்க வந்தாள். மடியில் வைக்காதே என்றாள் பல்லக்கா. அக்காக்காரிக்குச் சுருக்கென்றது.

“ஓஹோ. நாற்காலியைத் தள்ளக் கூடாது, மடியில வைக்கக் கூடாது. நாளைக்கு உன்னைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லு, கண்ணை மூடிக்கறேன்.”

அன்றுதான் பல்லக்கா வாய் திறந்தாள். “அக்கா, அந்தக் கூடத்துல மட்டும்தான் என்னை யாரும் நகர்த்த மாட்டாங்க. நான் நிக்கிற இடத்துல நான் நிக்கறேன். அதுக்காகத்தான் போறேன். சுடறதெல்லாம் அப்புறம்.”

அக்காக்காரி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாத்திரம் கழுவினாள்.

இரண்டாவது தேர்வு நாள். காலையில் பல்லக்கா வெளியே வந்தபோது நாற்காலி பளபளவென்று மின்னியது. இரும்பெல்லாம் துடைத்து, டயர் இரண்டும் புதுசு போலக் கறுப்பாக ஜொலித்தன. அத்தானின் வேனுக்குப் போடும் டயர் பாலிஷை எடுத்து அக்காக்காரி தேய் தேய் என்று தேய்த்திருந்தாள். பெரிய அதிகாரி வருகிற இடத்துக்குச் சேறும் சகதியுமாகவா போவது என்றாள். நானும் வர்றேன் என்று வேனிலும் ஏறிக்கொண்டாள். அக்கா மனம் இறங்கியதே பல்லக்காவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியின் பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கும் ஒரு சின்ன இரும்புக் கட்டை, அவ்வளவே. ஆனால் தள்ளும்போது அவள் கை பிடிப்பது டயரை இல்லை, பக்கத்தில் இருக்கும் வளையத்தை. டயர் வழவழப்பாக இருப்பது கைக்குத் தெரிய வழியே இல்லை.

சுடும் இடத்தின் தரை, கழுவிவிடும் தண்ணீர் ஓடட்டும் என்று பின்பக்கம் சற்றே சரிவாகப் போட்டது. சரிவு முடியும் இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால். அதற்கும் பின்னால் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அக்காக்காரி, அத்தான், விசில் மூவரும் நின்றார்கள். அதிகாரி பல்லக்காவின் வலது பக்கம், ஓரடி பின்னால் நின்றார். ஐந்து குண்டு. அதில் குறைந்தது நான்கு கருவட்டத்துக்குள் விழ வேண்டும். பல்லக்கா பிரேக்கைப் போட்டாள், இடுப்புப் பட்டையை இறுக்கினாள், வலது கையை நீட்டினாள்.

முதல் குண்டு உள்ளே. இரண்டாவது உள்ளே.

மூன்றாவது வெளியே போனது. ஏன் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. குறி சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் முன்னால் இருந்த மேஜை தன்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்தாள். மேஜை போகவில்லை. நாற்காலிதான் பின்னால் உருண்டுகொண்டிருந்தது. துப்பாக்கி ஒவ்வொரு தடவை உதைத்தபோதும் வழுக்கும் டயர் பிரேக்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, இப்போது முழுதாக விட்டுவிட்டது.

கையில் குண்டு போட்ட துப்பாக்கி. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். அடுத்து என்ன செய்வது? இடது கையால் சக்கரத்தைப் பிடிக்கலாம். ஆனால் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்தால் நாற்காலி சுழலும். இடது பக்கம் நிற்கும், வலது பக்கம் போகும், துப்பாக்கியின் வாய் நேராக அதிகாரியைப் பார்த்துத் திரும்பும். இரண்டு சக்கரத்தையும் பிடிக்க வேண்டுமானால் துப்பாக்கியை எங்கே வைப்பது? மேஜை எட்டாது. மடி இருந்தது. பதினாறு வருடமாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட மடி, இதோ இருக்கிறேன் என்று காத்திருந்தது.

இடது கை சக்கரத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அதை அவள் திருப்பித் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யாருடைய செருப்பு என்று பார்க்க வேண்டியதில்லை. அக்காக்காரி மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டாள். கையை நீட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடிக்க ஓடி வருகிறாள். அவள் பிடித்து இழுத்தால் உடம்பு குலுங்கும், கை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

“தொடாதே அக்கா.”

பல்லக்கா கத்தவில்லை. திரும்பவும் இல்லை. செருப்புச் சத்தம் நின்றது.

நாற்காலி உருண்டுகொண்டே இருந்தது. இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், பாக்கிக் குண்டு இருந்த மேகசினைக் கழற்றினாள், அது மடியில் விழுந்தது. துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தாள், உள்ளே இருந்த குண்டு துள்ளித் தரையில் விழுந்து டிங் என்றது. மேல்பாகத்தைத் திறந்தபடியே மாட்டி நிறுத்தினாள். பின்னால் வாய்க்கால் இருப்பது தெரியும். சக்கரம் அதில் இறங்கினால் நாற்காலி மல்லாக்கக் கவிழும், துப்பாக்கி கூரையைப் பார்க்கும். இடுப்புப் பட்டை எவ்வளவு விட்டதோ அவ்வளவு முன்னால் குனிந்தாள். தாடை முட்டியில் இடித்தது. நீட்டிய இரண்டு கையையும் மட்டும் குனிய விடவில்லை.

தடால். பின்சக்கரங்கள் வாய்க்காலில் இறங்கின. முன்சக்கரம் மேலே எழும்பி, ஒரு கணம் தயங்கி, கீழே வந்தது.

அதிகாரி நடந்து வந்து குனிந்து பார்த்தார். துப்பாக்கியின் வாய் இன்னும் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்பாகம் திறந்து, உள்ளே வெறும் வெளிச்சம் தெரிந்தது.

“காலி சார்,” என்றாள் பல்லக்கா. “நீங்களே பாருங்க.”

அவர் பார்த்தார். வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது.

விசிலும் அத்தானும் அவளிடம் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியை வாய்க்காலிலிருந்து தூக்கினார்கள். அதிகாரி டயரை விரலால் தடவினார், மோந்து பார்த்தார். யார் இதைத் தடவியது என்று கேட்டார். அத்தான் கூரையைப் பார்த்தார். அக்காக்காரி முன்னால் வந்து நான்தான் என்றாள்.

நாற்காலியைச் சரிபார்க்காமல் வந்தது இவர் தவறு என்றும் எழுதலாம் என்றார் அதிகாரி. மீசையைத் தடவிக்கொண்டார். கையாண்ட விதத்தில் குறை எழுத இடமில்லை, ஆனால் குண்டு இரண்டு பாக்கி இருக்கிறது, மூன்றாவதை வெளியே போனதாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். அதாவது, பாக்கி இரண்டும் கருவட்டத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இன்றே சுடலாம். இல்லையென்றால் இந்தத் தேர்வை ரத்து செய்கிறேன், வேறொரு நாள் முதலிலிருந்து வரலாம் என்றார்.

விசில் அவள் காதருகே குனிந்தாள். கை இப்படி உதறும்போது வேண்டாம், இன்னொரு நாள் வரலாம் என்றாள். நியாயமான பேச்சுதான். பல்லக்கா கையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். இன்று இப்படியே வீட்டுக்குப் போனால் அக்கா இனி டயரைப் பார்க்கும்போதெல்லாம் அழுவாள்.

“இன்னைக்கே சுடறேன் சார். டயரை மட்டும் துடைக்கணும்.”

அத்தான் வேனுக்கு ஓடிப்போய் ஒரு பழைய துணியையும், சட்டங்களுக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகள் இரண்டையும் கொண்டுவந்தார். அக்காக்காரி அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள். துணியை டயருக்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

“தொடலாமா?”

பதினாறு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பல்லக்கா தலையை ஆட்டினாள். அக்காக்காரி ஒரு பொட்டுப் பாலிஷ் இல்லாமல் துடைத்தாள். கட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, கையை எடுத்துக்கொண்டு, கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

பல்லக்கா கண்ணை மூடினாள். மெழுகுக் கத்தியை நினைத்தாள், யாரோ ஒருவரின் கடைவாய் ஓரத்தை நினைத்தாள். கை நடுக்கம் அடங்கவில்லை, ஆனால் குறைந்தது. மூச்சை நிறுத்தினாள்.

நான்காவது உள்ளே.

ஐந்தாவதை நெடுநேரம் சுடவில்லை. கையை ஒருமுறை இறக்கி மேஜையில் ஊன்றினாள், மறுபடி உயர்த்தினாள். சுட்டாள். எங்கே பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. இலக்குத் தாள் வந்தது. ஓட்டை கருவட்டத்தின் விளிம்பில் இருந்தது, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை. அதிகாரி பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். குனிந்து பார்த்தார். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். அத்தான் சாமி கும்பிடுவது போல நின்றிருந்தார். அவர் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

“கோட்டைத் தொட்டிருக்கு,” என்றார் அதிகாரி. “தொட்டா உள்ளேன்னுதான் விதி.”

உரிமம் வந்தது. அதில் ஒரு நிபந்தனையும் வந்தது: சுடும்போது சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டைகள் இப்போது கூடத்திலேயே இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிற யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போட்டியில் பல்லக்காவுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, நடுவாந்தரமாக வந்தாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்கிறாள். அவளுக்கு இப்போது ஒரே ஒரு குறை. அக்காக்காரி எதற்கெடுத்தாலும் கேட்கிறாளாம். தள்ளலாமா, நகர்த்தலாமா, மடியில வைக்கலாமா என்று காலையிலிருந்து ராத்திரி வரை. பதில் சொல்லியே வாய் வலிக்கிறது, பழைய அக்காவே தேவலாம் போல என்று லேபில் சொல்லிச் சிரிக்கிறாள்.

சைக்கிள் கடையில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். யாருடைய நாற்காலியையாவது கேட்காமல் தள்ளுகிறவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டில் டயர் பாலிஷ் வைத்திருக்கிறவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.